எடை மெஷின் நார்மல் என்கிறது, இஞ்சு டேப் இல்லை என்கிறது: எதை நம்புவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 42. உயரம் 152 செ.மீ., எடை 56 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் அலுவலக வேலை, தனியாக உடற்பயிற்சி எதுவும் கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய். போனில் இருக்கும் ஆப்பில் உயரத்தையும் எடையையும் போட்டால் பிஎம்ஐ 24.2 என்று வந்து, பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று காட்டுகிறது. அலுவலகத்துக்கு வந்த மருத்துவ முகாமிலோ, நர்ஸ் டேப் வைத்து அளந்து வயிறு 89, பின்புறம் 96 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, "டாக்டரைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். "எதை நம்புவது? நான் குண்டா, இல்லையா?" என்று கேட்கிறார்.

நர்ஸை நம்புங்கள். ஆப்பும் பொய் சொல்லவில்லை, வேறு ஊர்க்காரர்களுக்குக் கிழித்த கோட்டை வைத்து உங்களை அளந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண். 25-க்கு மேல் போனால் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான கணக்கு. ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரையும் இதய நோயும் தலைகாட்டுகின்றன என்பதால், 2004-இல் அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 23, 27.5 ஆகிய எண்களையும் கவனிக்கச் சொன்னது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இன்னும் கறாரானது: 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25-லிருந்து பருமன். அந்தக் கணக்கில் உங்கள் 24.2 பச்சையில் வராது, மஞ்சளில் வரும். 152 செ.மீ. உயரத்துக்கு 23 என்றால் ஏறத்தாழ 53 கிலோ. மூன்று கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். பிஎம்ஐயை மட்டும் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இந்த எண்ணின் பூர்வீகம் தெரிந்தால் அதன்மேல் இருக்கும் பயபக்தி கொஞ்சம் குறையும். 19-ஆம் நூற்றாண்டில் இதை முதலில் கணக்கிட்டவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர். அவர் வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் அல்ல. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தபோது உயரத்துக்கும் எடைக்கும் உள்ள இந்த உறவு அவர் கண்ணில் பட்டது. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்துப் பரப்பினார். அதற்காக அவர் எடுத்துக்கொண்டது ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் அளவுகளை. அத்தனை பேரும் ஆண்கள்! இன்று பெண்களுக்குத் தயங்காமல் போட்டுப் பார்க்கும் கணக்கு இது.

பிஎம்ஐக்கு எலும்பு எது, தசை எது, கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், உள்ளே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாக யாரும் காட்டிவிட முடியாது.

ஆண்களிடமே இப்படி என்றால், பெண்களிடம் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கொழுப்பு எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மேல்வயிறு பருத்தவர்களுக்கும் தொடையும் பின்புறமும் பருத்தவர்களுக்கும் வரும் நோய்கள் ஒன்றல்ல. தொடையிலும் பின்புறத்திலும் சேரும் கொழுப்பு கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்கும் உடம்பு எடுத்து வைக்கும் சேமிப்பு. அது சட்டென்று கரையாது, ஆனால் பெரிய தொந்தரவும் தராது. வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வில்லங்கம். ஆட்டுக் குடல் வாங்கியவர்களுக்குத் தெரியும், அதன்மேல் வலை மாதிரி வெள்ளையாகக் கொழுப்பு படர்ந்திருக்கும். நமக்கும் அதே வலை உண்டு. அங்கிருந்து வரும் ரத்தம் வேறெங்கும் சுற்றாமல் நேராகக் கல்லீரலுக்குள் போகிறது. கூடவே போகும் கொழுப்பு அமிலங்களால் கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க மறுக்கிறது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்குகிறது.

2005-இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் 27,000 பேரை எடுத்துப் பார்த்தது. மாரடைப்பு யாருக்கு வரும் என்பதை பிஎம்ஐயை விட வயிறு-பின்புற விகிதம், அதாவது வயிற்றின் சுற்றளவைப் பின்புறத்தின் சுற்றளவால் வகுத்து வரும் எண், தெளிவாகக் காட்டியது. நம் நாட்டுக் கணக்கும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பிஎம்ஐ 25-ஐத் தாண்டியவர்கள் இந்திய அளவில் 24 சதவீதம். அந்தச் சுற்றில் முதல்முறையாக டேப்பும் எடுத்துப் போனார்கள். வயிறு-பின்புற விகிதத்தில் ஆபத்துக் கோட்டைத் தாண்டிய பெண்கள் 56.7 சதவீதம். எடை மெஷின் பாஸ் போட்டு அனுப்பிய பல பேரை டேப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பிஎம்ஐ கணக்கில் மட்டுமே தமிழ்நாடு 40.4 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முந்தைய சுற்றில் அது 30.9.

சரி, அளப்பதற்கு வருவோம். தப்பெல்லாம் இங்கேதான் நடக்கிறது, அதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 'இடுப்பு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறோம், இடுப்பு வலிக்கிறது என்கிறோம், இடுப்பு மெலிந்திருக்கிறது என்கிறோம். மூன்றும் வேறு வேறு இடம். "இடுப்புச் சுற்றளவை அளந்து வாருங்கள்" என்று சொன்னால் பத்துப் பெண்கள் பத்து இடத்தில் டேப் வைப்பார்கள். அதனால் நான் எப்போதும் 'வயிற்றுச் சுற்றளவு', 'பின்புறச் சுற்றளவு' என்று பிரித்தே சொல்வேன். தையல்காரர் 'சீட்' என்பாரே, அதுதான் பின்புறச் சுற்றளவு.

இதில் பெரிய ஏமாற்றுக்காரி பாவாடை நாடா. "அதே பாவாடைதான் மேடம், நாடாவில் முடிச்சுகூட மாறவில்லை" என்று சொல்பவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். வயிறு முன்னால் வரவர நாடா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, தொப்பைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அளவு மாறாது. ஜீன்ஸ் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கையே போதும். நேராக நின்று, உடம்பின் பக்கவாட்டில் விரலால் தடவுங்கள். விலா எலும்பு முடிகிற விளிம்பு தட்டுப்படும். இன்னும் கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல்முகடு கெட்டியாகத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் நல்லது. அந்தப் புள்ளிகளின் மேலாக டேப்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். முதுகுப் பக்கம் டேப் மேலே ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். டேப் தோலில் படிந்திருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. வெறும் உடம்பின்மேல் அளக்க வேண்டும், சேலைக் கொசுவமே சில சென்டிமீட்டரைக் கூட்டிவிடும். காலையில் கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் அளப்பது உத்தமம். வருஷக்கணக்கில் தையல் மெஷின் மேல் கிடந்த துணி டேப் நீண்டு போயிருக்கும், ஸ்டீல் ஸ்கேலோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், மூச்சு. டேப் வயிற்றில் பட்ட அடுத்த நொடி எல்லாப் பெண்களும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். வெட்கம்தான், வேண்டுமென்று செய்வதில்லை. "எக்காதீங்க" என்று சொன்னால் இன்னும் எக்குவார்கள். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: "இன்னைக்கு காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி என்று பதில் சொல்லி முடிக்கும்போது மூச்சு தானாக வெளியே வந்து வயிறு தளர்ந்திருக்கும். அந்தக் கணத்தில் படித்துக்கொள்ள வேண்டும். தனியாக அளந்தால், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த இடத்தில் படியுங்கள். பின்புறத்துக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். கால்களைச் சேர்த்து நின்று, பின்பக்கம் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே அளந்தால் போதும்.

இப்போது எண்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். அதைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்கிற கட்டம். 2009 இந்தியப் பரிந்துரை அதற்கும் முன்னால் 72 செ.மீ.யில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் ஏறவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. சில இணையதளங்களில் பெண்களுக்கு 88 என்று பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கணக்கு, அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். உங்கள் 89 அதையும் தாண்டிவிட்டது என்பது வேறு விஷயம்.

வயிறு-பின்புற விகிதம் பெண்களுக்கு 0.85-க்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுடையது 89-ஐ 96-ஆல் வகுத்தால் 0.93. இந்த விகிதத்தை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். வயிறு 76, பின்புறம் 94 உள்ள பெண்ணுக்கு 0.81 வரும். அவரே சில வருஷத்தில் வயிறு 95, பின்புறம் 117 என்று ஆனாலும் அதே 0.81தான் வரும். இரண்டும் சேர்ந்து ஏறினால் விகிதம் வாயே திறக்காது.

எனக்குப் பிடித்தது வயிறு-உயர விகிதம். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். குட்டையானவர், நெட்டையானவர் என்ற பேதம் இதில் தானாகச் சரியாகிவிடுகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2022-இல் இதைப் பரிந்துரைத்தது: 0.5-க்குக் கீழே நல்லது, 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடியிருக்கிறது, 0.6-க்கு மேல் அதிக ஆபத்து. இதற்கு டேப்கூட வேண்டாம். ஒரு கயிற்றில் உங்கள் உயரத்தை உச்சந்தலையிலிருந்து தரைவரை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். நுனியும் நுனியும் தொட்டால் சரி, தொடாவிட்டால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு கூடுதல். உங்கள் உயரத்தில் பாதி 76, வயிறு 89. கயிற்றில் 13 செ.மீ., அரைச் சாணுக்கு மேலாகவே இடைவெளி தெரியும். விகிதம் 0.59. மூன்று கிலோ வித்தியாசம்தானே என்று பிஎம்ஐ சொன்னதையும் இந்த 13 செ.மீ.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நர்ஸ் ஏன் வட்டம் போட்டார் என்று புரியும்.

டேப்பும் சில இடங்களில் ஏமாறும். கர்ப்ப காலத்தில் வயிற்றை அளந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் இரண்டாகப் பிரிந்தே நின்றுவிட்டால் கொழுப்பு இல்லாமலும் வயிறு தள்ளும். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் மேடு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் பிசியோதெரபிஸ்ட் உதவுவார், வயிற்றுக்குப் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். சிலருக்கு இரண்டு கால்களும் மட்டும் தூண் மாதிரி பருத்து, தொட்டால் வலித்து, பாதம் மட்டும் ஒல்லியாக இருக்கும். அது லிப்பெடிமா என்ற தனிப் பிரச்சினை. பட்டினி கிடந்தாலும் அந்தக் கால் இளைக்காது, அந்தப் பெண்ணைச் சாப்பாட்டு ராமி என்று பேசுவது அநியாயம்.

எனக்குப் பயமாக இருப்பது இன்னொன்று. கை கால் இளைத்துக்கொண்டே போக, வயிறு மட்டும் சில மாதங்களுக்குள் உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்ட மாதிரி இருந்தால், அது தொப்பை இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். சினைப்பைக் கட்டியாகவோ வயிற்றில் நீர் கோர்த்ததாகவோ இருக்கலாம். டயட்டை ஆரம்பிக்காமல் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். "வயசானா வயிறு போடத்தானே செய்யும்" என்று வீட்டில் சொல்லி ஆறு மாதம் தள்ளிப் போட்ட பிறகு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

வயது ஆக ஆக வயிறு போடும் என்பதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. அதுவரை தொடைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு முகவரி மாற்றிக்கொள்கிறது. எடை ஒரு கிலோகூட ஏறாமலே வயிறு மூன்று நான்கு செ.மீ. ஏறலாம். 42 வயதில் நீங்கள் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறு உள்ள இளம்பெண்களுக்கு இதே வயிறு இருபது வயதிலேயே வரும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர அவர்களுக்கு மற்ற தாய்மார்களைவிட ஏழு மடங்கு வாய்ப்பு என்று 2009-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. "அப்போ இருந்துச்சு, பிள்ளை பிறந்ததும் போயிடுச்சு" என்று அதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும்.

இனி அடுத்த வேலை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு உருவாக்கிய ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது, ரத்தம் எடுக்காமலே சர்க்கரை நோய் அபாயத்தை மட்டுக்கட்டலாம். உங்களுக்கே போட்டுப் பார்க்கிறேன். வயது 35-க்கு மேல், 50-க்குள்: 20. வயிறு 80-க்கும் 89-க்கும் இடையில்: 10. (90 ஆகியிருந்தால் 20 விழுந்திருக்கும்.) பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை: 10. உடற்பயிற்சி இல்லை, உட்கார்ந்த வேலை: 30. கூட்டினால் 70. நூற்றுக்கு 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். பரீட்சையில் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ், இங்கே அதுதான் சிக்கல். ஆனால் நன்றாகப் பாருங்கள், இந்த எழுபதில் பெரிய துண்டு வயிறும் இல்லை, அம்மாவும் இல்லை. நடக்காமல் இருப்பதற்கு விழுந்த முப்பதுதான்.

அதனால் வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கல்லீரலுக்கும் ஒரு பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐயும், ட்ரைகிளிசரைடு 150-ஐயும், ரத்த அழுத்தம் 130/85-ஐயும் தொடாமல் இருக்க வேண்டும். எச்டிஎல் பெண்களுக்கு 50-க்குக் குறையக் கூடாது. வயிறு ஏற்கெனவே 80-ஐத் தாண்டியிருப்பதால், இந்த நான்கில் இரண்டு தவறினாலும் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர், சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கூட்டணி அது.

'நான் குண்டா' என்ற கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. பருமனை வரையறுக்க லான்செட் அமைத்து, 2025-இல் அறிக்கை தந்த நிபுணர் குழுகூட, பிஎம்ஐ மட்டும் போதாது, வயிற்றளவு போல இன்னொன்றும் வேண்டும் என்றது. அதோடு, அளவு கூடியிருப்பது வேறு, அதனால் உறுப்புகள் பழுதாக ஆரம்பித்திருப்பது வேறு என்று பிரித்தும் காட்டியது. நீங்கள் முதல் வகையா, இரண்டாம் வகையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கண்ணாடியோ, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களோ சொல்ல முடியாது. ஜிம்மில் ஏறி நின்றால் கொழுப்பு சதவீதம் சொல்கிற மெஷினையும் இதில் இழுக்க வேண்டாம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலே அதன் பேச்சு மாறும்.

வயிற்றைக் குறைப்பது தனிக் கதை, இன்னொரு பதிலில்தான் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை நடக்க வைத்துச் சாப்பாட்டை மாற்றினார்கள். மூன்று வருஷத்தில், இப்படி மாற்றப்படாதவர்களில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள், மாற்றப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர்தான். எடை மெஷினில் மட்டும் பெரிதாக மாற்றமே இல்லை! தினமும் காலையில் மெஷினில் ஏறி, இறங்கி, முகம் வாடி, "நடந்து என்ன பிரயோஜனம்" என்று ஆறாம் நாள் ஷூவைக் கழற்றிவிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். ஒரே ஆள் அளந்தாலே ஒரு செ.மீ. முன்பின் வரும், அதை ஏற்றம் இறக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு மறுபடி எழுதுவதானால், வயிற்றளவோடு டேப்பை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'இடுப்பு' என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கேட்பேன்.